மூக்கறுபட்ட போர்ஷே

கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சண்டை மூட்டிவிட வேண்டுமா? "ஸ்லான்ட்நோஸ்" என்று ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கலாம். இரண்டு பேர் "அடடா!" என்பார்கள். மற்ற இரண்டு பேர் "நல்ல காரைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிய பாவிகள்" என்று ஆரம்பிப்பார்கள். நான் "அடடா" கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் என்றால் நாலு சக்கரம், ஒரு ஹாரன் என்ற அளவில் நிறுத்திக்கொண்ட வகுப்புத் தோழர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம். (தெரிந்தவர்கள் மூன்று பத்தி தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

போர்ஷே 911-ஐப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தவளைக்கு மாதிரி முன் மட்கார்டு இரண்டும் புடைத்துக்கொண்டு நிற்கும், அதன் முனையில் வட்டமாக இரண்டு ஹெட்லைட். எஞ்சின் பின்னால், பின் சக்கரத்துக்கும் பின்னால். இந்தக் காருக்கு டர்போ வைத்து 1974-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். கம்பெனிக்குள் அதன் எண் 930.

டர்போ என்றால் என்ன? எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற புகை வழியில் ஒரு குட்டி விசிறியைச் சுழற்றிவிட்டுப் போகும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாக எரிக்கலாம், சக்தி கூடும். 3 லிட்டர் எஞ்சினோடு வந்த முதல் 930-க்கு 260 குதிரைத்திறன். 1978 மாடலில் 3.3 லிட்டர் ஆக்கி, அமுக்கிய காற்றைக் குளிரவைக்க ஒரு இன்டர்கூலரும் வைத்து 300 ஆக்கினார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால், அந்த விசிறி சுழன்று வேகம் பிடிக்க நேரம் ஆகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. "என்னடா இது" என்று இன்னும் கொஞ்சம் மிதிக்கத் தோன்றும். அப்போது மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து முதுகில் அறையும். நேர் ரோட்டில் இது ஜாலி. வளைவின் நடுவில் வந்தால்? பயந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். "விதவையாக்கி" என்று அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரே உண்டு. போதாக்குறைக்கு 1988 மாடல் வரை நாலே கியர்தான். ஐந்தாவது கியர் வந்தது 1989-இல், அதுதான் 930-இன் கடைசி வருஷம்.

சரி, மூக்கு விஷயத்துக்கு வருவோம்.

1976-இல் குரூப் 5 என்று ஒரு பந்தய விதி வந்தது. ரோட்டில் விற்கிற காரின் அடையாளம் தெரிய வேண்டும். கூரை, கதவு, பானெட்டின் வடிவத்தை மாற்றக் கூடாது. ஆனால் அகலமான டயர் போட வேண்டுமே என்பதற்காக மட்கார்டை மட்டும் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். போர்ஷேயின் பந்தயப் பொறியாளர் நார்பர்ட் சிங்கர் இந்த வரியைப் படித்தார். 911-இன் ஹெட்லைட் எங்கே இருக்கிறது? மட்கார்டில். மட்கார்டை இஷ்டம்போல் மாற்றலாம் என்றால் ஹெட்லைட் மேட்டையே வழித்து எடுத்துவிடலாமே! விளக்குகளை பம்பருக்குக் கொண்டுபோனார், முன்பக்கத்தைத் தட்டையாகச் சரித்தார். காற்று மூக்கைத் தூக்காமல் அமுக்கியது. அந்தக் கார்தான் 935.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்த முகத்தை எந்த ஓவியனும் வரையவில்லை. விதிப்புத்தகத்தில் இருந்த ஒரு ஓட்டை அதை வரைந்தது. 1976 சீசனின் முதல் பந்தயத்தில் 935 வட்டக் கண்களோடுதான் ஓடி ஜெயித்தது. அதே சீசனுக்குள் மூக்கு மாறிவிட்டது. நம்ம பரீட்சையில் "ஏதேனும் ஐந்துக்கு விடையளி" என்ற வரியை வைத்து சிலர் செய்யும் ஆராய்ச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, சிங்கருக்கு உலக சாம்பியன்ஷிப் கிடைத்தது, நமக்கு அரியர் கிடைக்கிறது :-)

பிறகு என்ன ஆனது என்பது பெரிய கதை, சுருக்கிச் சொல்கிறேன். 1978-இல் கம்பெனியே செய்த "மோபி டிக்" லே மான்ஸ் நேர்பாதையில் மணிக்கு 366 கிலோமீட்டர் தொட்டது (ஆனால் ஜெயிக்கவில்லை, எட்டாம் இடம்). டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை 1978 முதல் 1983 வரை ஆறு வருஷம் தொடர்ந்து 935-கள்தான் வென்றன. எல்லாவற்றுக்கும் மேல் 1979 லே மான்ஸ். கொலோன் நகரில் பட்டறை வைத்திருந்த கிரேமர் சகோதரர்கள் செய்த 935 கே3 அந்த வருஷம் ஒட்டுமொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தது. ஓட்டியவர்கள் கிளாவுஸ் லுட்விக்கும், டான், பில் என்ற விட்டிங்டன் சகோதரர்களும். இரண்டாவது வந்ததும் ஒரு 935தான். அதை ஓட்டிய மூவரில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன், அப்போது வயது 54. ரோட்டில் ஓடும் காரின் சாயலில் இருந்த ஒரு வண்டி, அதுவும் ஒரு தனியார் பட்டறையின் வண்டி, லே மான்ஸை ஜெயித்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த கே3-க்கு பாடி வடிவமைத்தவர் எக்கெஹார்ட் சிம்மர்மன். கொலோனுக்குப் பக்கத்தில் டிபி மோட்டார்ஸ்போர்ட் என்ற பட்டறை அவருடையது. பந்தயத்தில் இப்படி ஒரு முகம் ஜெயித்துக்கொண்டிருந்தால், வீட்டு வாசலில் 930 நிறுத்தி வைத்திருக்கும் பணக்காரனுக்கு என்ன தோன்றும்? "எனக்கும் அதே மாதிரி!" சிம்மர்மன் செய்துகொடுத்தார். கிரேமர் செய்தார்கள். ஊவே கெம்பாலா என்பவர் இன்னும் நாலு படி மேலே போய், பார்த்தால் கண் கூசும் அளவுக்குச் செய்தார். தட்டையான மூக்கு, மேலே காற்றுப் பிளவுகள், பின் மட்கார்டில் வரிவரியாகக் காற்றுவாய், அகலமான பின் இடுப்பு, பெரிய வால். அமெரிக்காவில் புகை விதிகளால் 1980 முதல் 1985 வரை 930 அதிகாரபூர்வமாக விற்பனையில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து தனியாரே இறக்குமதி செய்துகொண்டார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு வரவழைக்கிறவன் சும்மா வரவழைப்பானா? மூக்கோடு வந்து இறங்கியவை நிறைய, இறங்கிய பிறகு மூக்கு மாற்றிக்கொண்டவையும் நிறைய.

போர்ஷே கம்பெனி முதலில் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, வெளியே இவ்வளவு பணம் புரளும்போது நாம் ஏன் விடுவது என்று தானும் இறங்கியது. தனி விருப்பங்களைச் செய்துதரும் பிரிவு ஒன்று அங்கே உண்டு. 1983-இல் மன்சூர் ஓஜ்ஜே என்ற தொழிலதிபருக்கு (மெக்லாரன் ஃபார்முலா 1 கார்களுக்கு போர்ஷே செய்துதந்த டர்போ எஞ்சினுக்குப் பணம் போட்ட டாக் நிறுவனத்தின் ஆள்) ரோட்டில் ஓட்டக்கூடிய ஒரே ஒரு 935-ஐச் செய்துகொடுத்தார்கள். அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்லான்ட்நோஸ். ஜெர்மன் மொழியில் "ஃப்ளாக்பாவ்", தட்டைக்கட்டு என்று சொல்லலாம். ஆரம்பத்தில் செய்தவற்றில் 935 மாதிரியே விளக்கு பம்பரில் இருந்தது. பிறகு 944 காரில் இருந்ததுபோல் மூடித் திறக்கிற விளக்கு வந்தது. முன் மட்கார்டுகளை ஸ்டீலில் கையாலேயே அடித்துச் செய்தார்கள். அமெரிக்காவில் 1987 முதல் 1989 வரை "எம் 505" என்ற குறியீட்டோடு விலைப்பட்டியலிலேயே இருந்தது; சாதாரண 930-இன் விலையைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கேட்டார்கள். மூக்குக்கு மட்டும்! மொத்தத்தில் கம்பெனி செய்த ஸ்லான்ட்நோஸ் 930-கள் ஆயிரத்தைத் தொடவில்லை.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு இந்தக் கார்களுக்கு ஒரு ஆபத்து வந்திருக்கிறது. துரு ஒரு ஆபத்துதான், ஆனால் நான் சொல்வது அதைவிடப் பெரியது. "ஒரிஜினல் ஆக்குகிறேன்" என்று கிளம்பியிருக்கும் ஆட்கள்.

ஒரு காலத்தில் பழைய 930 மலிவாகக் கிடைத்தது. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த போர்ஷேக்களின் விலை எங்கேயோ போய்விட்டது. கை படாத வட்டக்கண் 930-க்கு நல்ல விலை. கம்பெனியே மூக்கு மாற்றியது என்று தாள் இருந்தால் அதைவிட அதிகம். ஆனால் 1980களில் ஏதோ ஒரு பட்டறையில் மூக்கு மாற்றிய கார் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். விளைவு என்னவாகும்? அதை வாங்குகிறவன் தட்டை மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வட்டக்கண் மட்கார்டை மாட்டி, பெயின்ட் அடித்து, "ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது" என்று விற்கிறான்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

எது ஒரிஜினல்? 911-இன் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றி மாட்டலாம். சரி. பின் மட்கார்டு அப்படி இல்லை, பாடியோடு சேர்த்து வெல்டிங் செய்தது. காற்றுவாய்க்காக அதை 1980களில் ஒருமுறை வெட்டியிருக்கிறான். இப்போது இரண்டாவது முறை வெட்டி, வேறு தகடு வைத்து, வெல்டு அடித்து, பட்டி பார்த்து, தேய்த்து மறைக்கிறான். ஆக அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த கார் ஆகிவிடவில்லை. அது இப்போது மூன்றாவது கார். 1980களில் வெட்டியவன் "நான் வெட்டியிருக்கிறேன்" என்று முகத்திலேயே எழுதி வைத்தான். இப்போது வெட்டுகிறவன் வெட்டியது தெரியக் கூடாது என்பதற்காகவே வெட்டுகிறான். இரண்டில் எது பொய்? நீங்களே சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம், நியாயமாக இருக்க வேண்டுமில்லையா. அவர்களின் பெரிய வாதம்: "இது வெறும் வேஷம். 935-க்கு மூக்கு வேகத்துக்காக. ரோட்டு காருக்கு மூக்கு பந்தாவுக்காக." உண்மைதான். மறுக்கவில்லை. இரவானால் மேலெழும் விளக்கு இரண்டும் எழுந்து நிற்கும், அதோடு சிங்கரின் காற்றியல் காற்றிலே போச்சு. இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் நானே எடுத்துத் தருகிறேன். 1987-இல் ரூஃப் என்ற சின்ன ஜெர்மன் நிறுவனம் சிடிஆர் என்று ஒரு காரைச் செய்தது. மஞ்சள் நிறம், அதனால் "மஞ்சள் குருவி". அகலமான டர்போ பாடியைக்கூட எடுக்கவில்லை, சாதாரண 911-இன் ஒல்லியான பாடிதான். மழைத்தண்ணீர் வழியக் கூரையோரம் இருக்கும் வரம்பைக்கூட வழித்துவிட்டார்கள். இரட்டை டர்போ, 469 குதிரைத்திறன். ஒரு பத்திரிகைச் சோதனையில் மணிக்கு 339 கிலோமீட்டர் ஓடி எல்லாரையும் வாயடைக்க வைத்தது. வட்டக் கண்ணோடு! வேகம் வேண்டுமென்றால் செய்ய வேண்டியது அது. காற்றுவாயும் வரிப்பட்டையும் இல்லை.

ஆனால் வேஷம் என்பதால் அழித்துவிடலாமா? 935-இன் முகம் எப்படிப் பிறந்தது என்று மேலே பார்த்தோம். அதுவும் ஒருவகையில் வேஷம்தானே? "நான் ரோட்டு கார்" என்று நடித்த பந்தயக் கார் 935. "நான் பந்தயக் கார்" என்று நடித்த ரோட்டு கார் ஸ்லான்ட்நோஸ். முதல் நடிப்புக்குக் கோப்பை, இரண்டாவது நடிப்புக்கு ஏளனம் என்றால் எப்படி?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2018 செப்டம்பரில் போர்ஷே கம்பெனி தன் 70-ஆவது ஆண்டைக் கொண்டாட என்ன செய்தது தெரியுமா? 911 ஜிடி2 ஆர்எஸ் என்ற அன்றைய காரை எடுத்து, அதன் மேல் மோபி டிக்கை நினைவூட்டும் பாடியைப் போர்த்தி, 935 என்றே பெயரும் வைத்து, 77 கார்கள் மட்டும் செய்து விற்றது. விலை வரி நீங்கலாக 7,01,948 யூரோ. எந்தப் பந்தய வகைக்கும் அனுமதி வாங்கிய கார் இல்லை, ரோட்டிலும் ஓட்ட முடியாது. அதாவது, சிம்மர்மனும் கிரேமரும் 1980களில் செய்த அதே வேலை. கம்பெனி செய்தால் மரியாதை, பட்டறைக்காரன் செய்தால் குப்பை. கே3-இன் பாடியைச் செய்த கை எந்தப் பட்டறையினுடையது என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பட்டறைக்காரன் பந்தயத்தில் போட்டதை ரோட்டுக்குக் கொண்டுவந்தான். கம்பெனி அவனைப் பார்த்துத் தன் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வரிசை இதுதான்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் முருகன் சந்நிதி நாயக்கர் காலத்தில் வந்தது. ராஜராஜன் கட்டியது இல்லை என்பதற்காக அதை யாராவது பெயர்த்து எடுக்கச் சொல்வார்களா? (காரையும் கோயிலையும் ஒப்பிடுகிறாயா என்று அடிக்க வராதீர்கள். பின்னால் வந்த கையும் சரித்திரம்தான் என்பதற்குச் சொன்னேன்.)

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா மூக்கும் ஒன்றில்லை. 1980களில் இந்த மோகம் உச்சத்தில் இருந்தபோது டர்போவே இல்லாத சாதாரண 911-க்கும் ஃபைபரில் வார்த்த மூக்கை வாங்கி ஒட்டினார்கள். இடுக்கு சேராது. பானெட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஃபைபருக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும், வெளியே பளபளவென்று சிவப்புப் பெயின்ட். அப்படிப்பட்டதைக் கழற்றுகிறவன் கையைப் பிடித்து நான் தடுக்க மாட்டேன். டிங்கரிங் தெரிந்தவன் அடித்த ஸ்டீல் மூக்கு வேறு, பசையில் நிற்கிற மூக்கு வேறு. உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும் என்பார்கள். பிரச்சினை என்னவென்றால் சந்தை அந்தத் தடவிப் பார்க்கும் வேலையைச் செய்வதில்லை. தாள் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. தாள் இல்லாத நல்ல கையும், தாள் இல்லாத கெட்ட கையும் ஒரே பட்டறையில் ஒரே கத்தரிக்குப் போகின்றன.

நம்மூரில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜெர்மனியிலும் கேட்பாரில்லாமல் இதைச் செய்துவிடவில்லை. டியூவி என்ற தொழில்நுட்பச் சோதனையில் பாஸ் ஆனால்தான் மாற்றிய கார் ரோட்டுக்கு வர முடியும். விளக்கு உயரம், பிரேக், டயர் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். அப்படி அந்தக் காலத்திலேயே பதிவு பெற்ற கார்களுக்கு அந்தக் காகிதங்களே ஒரு பிறப்புச் சான்றிதழ். மூக்கைக் கழற்றுகிறவர்கள் அந்தக் காகிதத்தை என்ன செய்கிறார்கள் என்பது என் நீண்டநாள் சந்தேகம். குப்பைத்தொட்டி என்றுதான் நினைக்கிறேன்.

என் கையில் (ஒரு கனவுக்குத்தான்!) அப்படி ஒரு கார் கிடைத்தால் என்ன செய்வேன்? துருவை எடுப்பேன். பிரேக்கைச் சரிபார்ப்பேன், இந்தக் காரில் அது ரொம்ப முக்கியம். டர்போவைக் கழற்றிப் பார்ப்பேன். எந்தப் பட்டறை, எந்த வருஷம், யார் செய்தது என்று பழைய ரசீதுகளைத் தேடி ஒரு ஃபைலில் போட்டு வைப்பேன். முன்னால் இருந்தவர் வட்டக்கண் மட்கார்டுகளைப் பரணில் போட்டு வைத்திருந்தால் அதையும் வாங்கிக்கொள்வேன், ஆனால் மாட்ட மாட்டேன்.

பின் மட்கார்டில் கை வைக்கவே விடமாட்டேன்.

பம்பரில் விளக்கு வைத்த முதல் வகை அழகா, மேலெழும் விளக்கு வைத்த இரண்டாவது வகை அழகா என்று கேட்டால் என் ஓட்டு முதல் வகைக்கு. இரண்டாவதில் விளக்கு எழுந்து நிற்கும்போது, சிங்கர் கஷ்டப்பட்டு வழித்தெடுத்த அந்தத் தவளைக் கண் திரும்பி வந்து முழிப்பது போலவே இருக்கிறது.